காதுப் பேச்சு

டெல்லியில் வேலைக்கு இரண்டு பெயர்தான். கச்சா, பக்கா. கச்சா என்றால் இன்றைக்கு உண்டு, நாளைக்குத் தெரியாது. பக்கா என்றால் அரசாங்க வேலை, நிரந்தரம், பென்ஷன். எங்கள் ஜுக்கியில், அதாவது குடிசைப் பகுதியில், பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறான் என்று கேட்க மாட்டார்கள். "பக்காவா?" என்றுதான் கேட்பார்கள்.

நான் டெலிபோன் இலாகாவில் வெகுகாலம் கச்சாவாக இருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு முன்னால் பக்கா ஆனார்கள். அது ஏன் என்று இங்கே எழுதிவைக்கிறேன். என் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது அவர்களுக்குச் சொல்லட்டும்.

ஆசிய விளையாட்டுக்காக ஊரையே தோண்டிப் போட்டிருந்த சமயம். விழுப்புரத்துப் பக்கத்திலிருந்து எங்கள் ஜனங்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கினார்கள். ஆண்கள் கல்லும் மண்ணும் சுமந்தார்கள். பெண்கள் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்த்தார்கள். வயசுப் பெண்களைத் தூரத்துப் பங்களாக்களில் தங்கி வேலை பார்க்க விட்டார்கள். நானும் என் மனைவியும் அதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தவர்கள். சாக்கடை ஓரத்தில் குடிசை. நான் கேபிள் புதைக்கக் குழி வெட்டினேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன் என்பதால் குழியிலிருந்து எடுத்து, லைன்மேன்களோடு ஏணி தூக்க விட்டார்கள். ஏணி தூக்கித் தூக்கி வேலையும் கற்றுக்கொண்டேன்.

லைன்மேன் இடுப்பில் ஒரு டெலிபோன் தொங்கும். அதன் கிளிப்பைக் கம்பியில் மாட்டினால் அந்த லைனில் யார் பேசினாலும் கேட்கும். மாட்டியதும் பேச்சுக் கேட்டால் உடனே கழற்றிவிட வேண்டும். இது யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. பஞ்சாபி, பிகாரி, மதராசி, எல்லா லைன்மேனும் அப்படித்தான் செய்தார்கள். கழற்றாமல் சிரித்துக்கொண்டே கேட்கிறவன் ஒருத்தன் எங்கள் கூட்டத்தில் இருந்தான். அவனும் கச்சாதான். அவன் டீக்குக் கூப்பிட்டால் யாரும் போக மாட்டார்கள்.

சரோஜினி நகர் மார்க்கெட் ஓரத்தில், பால் பூத் பக்கத்தில், காசு போட்டுப் பேசுகிற டெலிபோன் பெட்டி ஒன்று இருந்தது. நம்பரைச் சுழற்றினால் மணி அடிக்கும். எதிரில் எடுத்து "ஹலோ" என்பார்கள். அது நமக்குக் கேட்கும். நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்காது. எட்டணா உள்ளே விழுந்த பிறகுதான் கேட்கும்.

அந்தப் பெட்டியில் பேச்சு நிறைய ஓடியது. காசு சேரவில்லை. எக்ஸ்சேஞ்சில் இருக்கிற மீட்டருக்கும் பெட்டியில் இருக்கிற காசுக்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் சாகிப்புக்குக் கோபம் வந்துவிட்டது. சாகிப் என்பது எங்கள் பகுதி அதிகாரி. பஞ்சாபிக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மழையில் வேலை நடந்தால் அவரும் வந்து நனைவார். ஆனால் இலாகா காசு என்றால் அவருக்குத் தன் வீட்டுக் காசு மாதிரி.

முதலில் எங்களைத்தான் சோதித்தார்கள். கச்சா ஆட்களை மட்டும். சட்டைப் பை, செருப்பு, டிபன் டப்பா. பக்கா ஆட்கள் ஓரமாக நின்று பீடி குடித்துக்கொண்டு பார்த்தார்கள். என் டப்பாவில் இருந்த புளிச்சோற்றை ஒருத்தன் குச்சியை விட்டுக் கிளறினான். அன்றைக்கு அதை நான் சாப்பிடவில்லை.

எங்களிடம் ஒன்றும் கிடைக்கவில்லை. பூட்டை மாற்றினார்கள். போலீஸ்காரர் ஒருவரை நிறுத்தினார்கள். என்னையும் நின்று பார்க்கச் சொன்னார்கள். யாரும் பெட்டியை உடைக்கவில்லை, கம்பி விட்டு நோண்டவில்லை. வந்தார்கள், பேசினார்கள், போனார்கள். அதிகம் வந்தது எங்கள் ஜுக்கிப் பெண்கள்தான். பாதிப் பேர் டெலிபோனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள்.

ஒருநாள் சாகிப் ஜீப்பில் வந்து இறங்கினார். அப்போதும் ஒரு பெண் தலைகீழாகப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தாள். சாகிப் சிரித்துவிட்டார்.

"அரே அம்மா, உல்டா ஹை!"

அவரே அதை வாங்கி, நேராகத் திருப்பி, அவள் கையில் கொடுத்தார். அவள் "அச்சா சாகிப், அச்சா" என்று வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"உங்க மதராசி ஜனங்களுக்கு போன் பிடிக்கக்கூடத் தெரியாதா?" என்றார் என்னிடம். அவர் இந்தியில் பேசியதை எல்லாம் நான் தமிழில் எழுதுகிறேன். நானும் சிரித்தேன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பிறகு மேலிடத்திலிருந்து சொன்னார்கள். திருட்டை நிறுத்து, இல்லாவிட்டால் பெட்டியை எடுத்துவிடு. பெட்டியை எடுத்தால் சாகிப்புக்கு அவமானம். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். என்னைக் கூப்பிட்டார்.

"அங்க பேசறது பூரா உன் பாஷை. நீ எக்ஸ்சேஞ்சில உக்காரு. அந்த லைனை உன் காதுல குடுக்கச் சொல்றேன். யார் பேசறாங்க, எந்த பங்களாவுக்குப் பேசறாங்க, என்ன பேசறாங்க, எல்லாம் எனக்கு வேணும்."

"அப்புறம் சாகிப்?"

"அப்புறம் போலீஸ். வேலை செய்யற வீட்டுக்கும் சொல்லிடுவோம். நாலு பேர் உள்ள போனா மத்தவங்க தானா அடங்கிடுவாங்க."

என் தோளில் கை வைத்தார்.

"இதைச் செஞ்சு குடு. அடுத்த லிஸ்ட்ல நீ பக்கா."

சரி என்றேன். அப்போது வேறொன்றும் தோன்றவில்லை. பக்கா என்ற வார்த்தைதான் காதில் நின்றது.

எக்ஸ்சேஞ்சுக்குள் அதுவரை நான் கேபிள் சுருளைத் தூக்கிக்கொண்டுதான் போயிருக்கிறேன். அன்று நாற்காலி கொடுத்தார்கள். தலைக்கு மேல் ஃபேன். சுற்றிலும் அலமாரி அலமாரியாக இரும்பு டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. காதில் மாட்டிக்கொண்டேன்.

பேச்சு வந்தது. ஒரு பக்கத்துக் குரல் கணீரென்று இருந்தது. பெட்டிப் பக்கத்துக் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. காசு விழுகிற சத்தமே இல்லை. திருட்டு நடக்கிறது, என் காதிலேயே நடக்கிறது, எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

ஒரு ஆள் தன் மச்சானோடு செங்கல் வேலையைப் பற்றிச் சண்டை போட்டான். ஒரு பெண் அக்காவிடம் ஊருக்கு எப்போது போகிறாய் என்று கேட்டாள். குரல்கள் எனக்குத் தெரிந்தவை. தினம் குழாயடியில் கேட்கிற குரல்கள்.

அப்புறம் எங்கள் வரிசையிலேயே குடிசை போட்டிருந்த ஒரு அம்மா பேசினாள். அவள் மகள் தூரத்தில் ஒரு பங்களாவில் தங்கி வேலை செய்துகொண்டிருந்தாள்.

"நான்தான்டி."

"சீக்கிரம் சொல்லும்மா. மேம்சாப் குளிக்கிறாங்க."

"சாப்ட்டியா?"

"ம்."

"என்னாடி ம்? என்னா சாப்ட்ட?"

"ரொட்டி."

"எப்பப் பாத்தாலும் ரொட்டி. ஒரு நாளைக்கிச் சோறு போட்டா அவ சொத்து கொறஞ்சிடுமா?"

"கத்தாத, அவங்களுக்குக் கேக்கப்போவுது."

"அவளுக்கு நம்ம பேச்சு எங்க புரியப்போவுது? நான் கத்துனாத்தான் ஒனக்கே கேக்கும்."

மகள் சிரித்தாள். பிறகு அம்மாவிடம் ஒன்று சொன்னாள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அம்மாவுக்குச் சொன்னது.

நான் காதிலிருந்து கழற்றினேன். பக்கத்தில் இருந்தவர் "க்யா ஹுவா?" என்றார். "லைன் கராப்", கெட்டுவிட்டது, என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். மறுநாள் காலையிலேயே அந்த அம்மா போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஜுக்கியில் கேட்டவர்களிடம் "வேல ஒத்துக்கல" என்று சொன்னாள். எல்லாரும் அச்சா என்று தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் காரணம் தெரியும். தெரிந்துகொள்ள எனக்கு என்ன உரிமை? எட்டணா கூட நான் போடவில்லை.

எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்த அன்று சாயங்காலமே என் மனைவியிடம் கேட்டேன். அவள் அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள்.

"பொட்டியில காசு போடாம எப்பிடிப் பேசுறாங்க?"

ரொட்டி கருகுகிற வரைக்கும் சிரித்தாள்.

"டெலிபோன்காரன் கேக்குற கேள்வியா இது? காதுல பேசுறதுதான்!"

"காதுலயா?"

"வாய வெக்கிற எடத்துல பேசுனாத்தான் காசு. காத வெக்கிற எடத்துல வாய வெச்சிக் கத்துனா அந்தாண்ட கேக்கும். கத்திட்டு, திரும்பக் காதுல வெச்சிக் கேட்டுக்கணும். பொம்பளைங்க அத்தன பேருக்கும் தெரியும். போனத் தலகீழாப் புடிக்கிறது என்னாத்துக்குன்னு நெனச்ச?"

எனக்கும் சிரிப்பு வந்தது. சாகிப் தன் கையால் அதைத் திருப்பிக் கொடுத்தது ஞாபகம் வந்தது.

"யாரு கண்டுபுடிச்சா?"

"அம்மிய யாரு கண்டுபுடிச்சா? அது கெடக்கட்டும். நீ ஏன் கேக்குற?"

சொன்னேன். எக்ஸ்சேஞ்ச், நாற்காலி, நாலு பேர் உள்ளே போகவேண்டும் என்பது, பக்கா. கேட்ட பேச்சை மட்டும் சொல்லவில்லை. அவள் கருகிய ரொட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"எனக்கு போன் போட டில்லியில ஆளு கெடையாது. நீ சொன்னா எனக்கு ஒண்ணும் போவாது. சொல்லிட்டுப் பக்கா ஆயிக்க. ஆனா அப்புறம் குழாயடிக்கு நீயே கொடத்த எடுத்துக்கினு போ. நான் போவ மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த ரொட்டியைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

நான் யோசித்தேன். காசு போடாமல் பேசுவது திருட்டா? திருட்டுதான். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஏழை செய்தால் அதற்கு வேறு பெயர் கிடையாது. மார்க்கெட்டில் கடலைக்காரன் இருக்கிறான். போகிறவன் வருகிறவன் ஒரு பிடி அள்ளினால் அவன் சாக்கை மூடலாம். அள்ளுகிற கையைப் பிடிக்கலாம். கடலை போனதற்காக அவன் ஊரார் வீட்டுச் சுவரில் காதை வைக்கலாமா? பெட்டி இலாகாவுடையது. கம்பி இலாகாவுடையது. பேச்சு இலாகாவுடையது இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அம்மாவும் மகளும் திரும்பி வந்த அன்று சாகிப்பின் முன்னால் போய் நின்றேன்.

"எப்படின்னு கண்டுபிடிச்சிட்டேன் சாகிப்."

சொன்னேன். முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை, அவருக்குப் புரிந்துவிட்டது. படித்தவர். மேஜைமேல் இருந்த டெலிபோனை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து "ஹலோ, ஹலோ" என்றார். வாய்விட்டுச் சிரித்தார்.

"அரே, அந்த அம்மாவுக்கு நானே இல்ல திருப்பிக் குடுத்தேன்!"

"இதை அடைக்க முடியுமா சாகிப்?"

"ஏன் முடியாது? மெக்கானிக்கை விட்டு உள்ள ஒரு மாத்தம் பண்ணினா போதும்." உட்கார்ந்தார். "ஷாபாஷ். இப்ப பேரைச் சொல்லு."

"பேர் இல்ல சாகிப்."

"கேட்டயே?"

"லைனைக் கேட்டேன். பேச்சைக் கேக்கல."

"உன்னை அங்க உக்கார வெச்சதே பேச்சைக் கேக்கத்தான்."

"திருட்டு எப்படி நடக்குதுன்னு பார்க்க உக்கார்ந்தேன் சாகிப். பார்த்துட்டேன். பெட்டியைச் சரி பண்ணினா திருட்டு நின்னுடும். அப்புறம் பேர் எதுக்கு?"

"இதுவரைக்கும் திருடினதுக்கு?"

"பேர் இல்ல சாகிப்" என்றேன் மறுபடியும். அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

"நீ இல்லாட்டி வேற மதராசி கிடைக்க மாட்டானா?"

"கிடைப்பான் சாகிப். ஆனா நான் இன்னிக்கே ஜுக்கியில சொல்லிடுவேன், லைன்ல ஆள் இருக்குன்னு. உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போறேன். முதுகுக்குப் பின்னால செய்யல."

சாகிப் டெலிபோனை நேராகத் திருப்பி வைத்தார்.

"பக்கா?" என்றார்.

இந்தியில் அதற்கு 'நிச்சயம்தானா' என்றும் அர்த்தம். அவர் எதைக் கேட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் சொன்னது ஒன்றைத்தான்.

"பக்கா, சாகிப்."

"குழிக்குப் போ" என்றார்.

அன்று சாயங்காலம் நானே குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அங்கே ஆண்கள் போவதில்லை. பெண்கள் முறைத்தார்கள்.

"பொட்டி லைன்ல ஆளு ஒக்காந்து கேக்குறான்" என்றேன். "இனிமே காதுல பேசாதீங்க. காசு போட்டுப் பேசுங்க. பேசுறதையும் பாத்துப் பேசுங்க."

"யாருண்ணே கேக்குறது?" என்றாள் ஒருத்தி.

"நேத்து நான் கேட்டேன். இனிமே வேற ஆளு."

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"என்னா கேட்டே?" என்று கேட்டது அந்த அம்மாதான். மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒண்ணும் கேக்கல" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். குனிந்து, வழிகிற குடத்தை எடுத்தாள். வரிசையில் நின்றவர்களைக் கேட்காமல் என் குடத்தை வாங்கிக் குழாய்க்குக் கீழே வைத்தாள். யாரும் சண்டைக்கு வரவில்லை. டெல்லிக் கோடையில், குழாயடியில், அது நடக்காத காரியம்.

அப்புறம்தான் ஒருத்தி வாயைத் திறந்தாள்.

"பொம்பள பேச்ச ஒக்காந்து கேக்குறதுக்கு சம்பளமாண்ணே? எங்கூட்டு ஆளு சம்பளமே இல்லாம அந்த வேலதான் பாக்குறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சாகிப் வேறு ஒரு தமிழனைப் பிடித்து எக்ஸ்சேஞ்சில் உட்காரவைத்தார். அவன் எந்த ஊர்க்காரன் என்று எனக்குத் தெரியாது. பெண்கள் பெட்டிக்குப் போய்க் காசு போட்டார்கள். போட்டுவிட்டு முதலில் அவனைத்தான் விசாரித்தார்கள். "கேக்குற அண்ணே, நல்லா இருக்கியா? காசு போட்டாச்சி. காத எடுத்துக்க." இதைக் குழாயடியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்த ஆள் சில நாளில் வேண்டாம் என்று எழுந்து போய்விட்டானாம். மெக்கானிக் வந்து பெட்டியைத் திறந்து ஏதோ மாற்றினான். அதற்குப் பிறகு காதில் எவ்வளவு கத்தினாலும் அந்தப் பக்கம் கேட்கவில்லை. பெட்டி அங்கேயே இருந்தது. யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. ஒரு பங்களாவுக்கும் இலாகாவிலிருந்து சேதி போகவில்லை.

நான் குழியில் இருந்தேன். லிஸ்ட் வந்தது. என் பெயர் இல்லை. லைனில் சிரித்துக்கொண்டே ஒட்டுக்கேட்பான் என்றேனே, அவன் பெயர் இருந்தது. லட்டு கொடுத்தான், வாங்கிக்கொண்டேன். அடுத்த லிஸ்டிலும் நான் இல்லை. விளையாட்டு வந்தது, போனது. நான் வெட்டின குழிகளின்மேல் ரோடு போட்டார்கள், செடி வைத்தார்கள். என் மனைவி ஒருநாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பாத்திரம் தேய்க்க இன்னொரு வீடு பிடித்துக்கொண்டாள். சாகிப் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். போகும்போது குழி ஓரத்தில் ஜீப்பை நிறுத்தி எல்லாருக்கும் கைகொடுத்தார். என் கை மண்ணாக இருந்தது. அதற்கும் கொடுத்தார்.

கடைசியில் பக்கா ஆக்குவதற்கு ஆள் எடுத்தபோது என்னையும் கூப்பிட்டார்கள். ஒரு நீளமான மேஜை. பின்னால் அதிகாரிகள். ஒருத்தர் என் ஃபைலைப் புரட்டினார்.

"கொடுத்த வேலையைச் செய்ய மறுத்தவன்னு எழுதியிருக்கே. என்ன வேலை?"

பழைய சாகிப் எழுதியது. பொய் எழுதவில்லை. நான் மறுத்தது நிஜம்.

சொன்னேன். பெட்டி, காது, எக்ஸ்சேஞ்ச், எல்லாம் சொன்னேன். எனக்கு இந்தியில் நீளமாகப் பேச வராது. அதனால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

"மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடு. எடுத்துக்கறோம்" என்றார் அவர். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

"அதுல மன்னிப்புக் கேக்க ஒண்ணும் இல்ல சாகிப்."

"திரும்ப அந்த மாதிரி வேலை குடுத்தா?"

"லைனைப் பாருன்னா ராத்திரி பகல் பார்ப்பேன். ஆளைக் கேளுன்னா மாட்டேன்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓரத்தில் ஒரு வயதானவர் இருந்தார். ஃபைலை இழுத்து ஏதோ எழுதி, மூடிவைத்தார்.

"கம்பம் ஏறத் தெரியுமா?"

"தெரியும் சாகிப்."

"வெளியே போய் ஏறிக் காட்டு."

அங்கே வரிசையாக ஆட்கள் நின்றிருந்தார்கள். எல்லாரும் என்னைவிட இளவயது. சிலர் பாதியில் நின்று கீழே பார்த்தார்கள். என் முறை வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். உச்சிக்குப் போய், பெல்ட்டை மாட்டி, இரண்டு கையையும் விட்டுக் காட்டினேன். கீழே இருந்து போதும், போதும், இறங்கு என்று கத்தினார்கள். என் பெயரை லிஸ்டில் எழுதிக்கொண்டது மேலிருந்தே தெரிந்தது.

நான் மெதுவாக இறங்கினேன்.